ஐந்தரை மணி நேரம்

மாமியார் ஏறிய விமானம் கிளம்பி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் அன்றுதான் இறங்கினாற்போல், நம் டைம் கீப்பர் அம்மாள் டிப்போவில் தன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்தாள்.

பாவம், அந்த டீயை அவள் பாதிகூடக் குடிக்கப் போவதில்லை.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. இவள் அந்த வீட்டின் மூத்த மருமகள். பஸ் டிப்போவில் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பார்ப்பது இவள் உத்தியோகம். வீட்டிலும் அதே கதைதான். பால் எத்தனை மணிக்குக் காய வேண்டும், யார் எத்தனை மணிக்குக் குளிக்க வேண்டும் என்பதெல்லாம் இவள் வைத்த சட்டம். புருஷன் இவளைக் கூப்பிடுவதே 'கடிகாரம்' என்றுதான். கேலிதான், ஆனாலும் வெளியே கிளம்பும்போது கையில் கட்டியிருக்கும் வாட்சைப் பார்க்காமல் இவளைத்தான் மணி கேட்பான்.

மாமியாருக்கு வலிப்பு நோய். காலை, மத்தியானம், ராத்திரி என்று வேளை தவறாமல் மாத்திரை விழ வேண்டும். ஒரு வேளை தப்பினாலும் ஆபத்து என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

போன மாதம் அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மறதியில் மாத்திரையைத் திரும்பப் போட்டுக்கொண்டுவிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னவள் மருமகள். அது பொய். பெற்ற மூத்த மகனும் மகளும் கூடத்தில் நின்று, 'நீ வச்சுக்கோ, நீ வச்சுக்கோ' என்று அவரைப் பந்தாடிக்கொண்டிருந்ததை உள்ளறையில் படுத்தபடி கேட்டுவிட்டு, மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத மத்தியானமாகப் பார்த்து அவர் வேண்டுமென்றே செய்தது அது. ட்யூட்டி சீக்கிரம் முடிந்து மருமகள் வீட்டுக்கு வந்ததால் உயிர் மிஞ்சியது.

பிள்ளைகளுக்குத் தெரிந்தால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று மருமகளின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதோடு அவளிடம் பேச்சையும் நிறுத்திக்கொண்டார். தன்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டவளை நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டில் மற்றவர்கள் கண்ணுக்கு அது வழக்கமான மாமியார் மருமகள் சண்டையாகத் தெரிந்தது. கடைசியில் வெளிநாட்டில் இருக்கும் சின்ன மகன் அம்மாவை நான் வைத்துக்கொள்கிறேன் என்றான், டிக்கெட்டும் அனுப்பினான்.

அன்று காலை ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியார், ஒரு மாதத்துக்குப் பிறகு மருமகளிடம் வாயைத் திறந்தார்.

"மாத்திரையை என் கையில குடு."

கொடுப்பாளா இவள்? மாத்திரை அட்டை முழுவதையும் அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் யாருமில்லாமல் அனுப்ப இவளுக்கு எப்படித் துணிவு வரும்? அதனால்தான் எல்லாவற்றையும் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். அந்தப் பெட்டியும் அதற்குள் விமானத்தின் அடியில் ஏற்றும் சாமான்களோடு போய்விட்டது.

"அஞ்சரை மணி நேரம்தான் அத்தை. மூணு மணிக்கு இறங்கிடுவீங்க. சின்னவன் பெட்டியைத் திறந்து எடுத்துக் குடுப்பான். ஒரு மணி நேரம் தள்ளிப் போனா ஒண்ணும் ஆகாது."

 மாமியார் தலையை ஆட்டினார். புருஷன் பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

இப்போது டிப்போவுக்கு வருவோம். டீ பாதியில் இருக்கும்போது வெளிநாட்டில் இருக்கும் அந்த மச்சினனிடமிருந்து போனில் செய்தி வந்தது. ராத்திரி ஷிப்ட் முடிந்து இப்போதுதான் அறைக்கு வந்தானாம். 'அம்மா வந்து இறங்க இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருக்கே அண்ணி, அதுக்குள்ள போனை ஆஃப் பண்ணிட்டு ஒரு தூக்கம் போட்டுடறேன்' என்று எழுதியிருந்தான்.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பன்னிரண்டு இல்லப்பா, மூணு, கணக்கில் நீ எப்பவும் வீக்கு என்று பதில் எழுதி அனுப்பினாள். அது அவனுக்குப் போய்ச் சேரவில்லை. போனை அணைத்துவிட்டிருந்தான்.

அப்போதுதான் ஏதோ நெருடியது.

அங்கே ராத்திரி ஷிப்ட் முடிந்து ஒருவன் படுக்கப் போகிறான் என்றால் இன்னும் விடியவில்லை. இங்கே உச்சி வெயில். அப்படியானால் டிக்கெட்டில் போட்டிருந்த மூணு மணி எந்த ஊர் மூணு மணி?

இரண்டு ஊருக்கும் நேரம் வேறு என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அவனுக்குப் போன் பண்ணும்போதெல்லாம் விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் பண்ணுவாள். ஆனால் டிக்கெட்டைக் கையில் எடுத்தபோது அவள் டைம் கீப்பராக இருந்தாள். கிளம்புவது ஒன்பதரை, சேருவது மூன்று, கழித்தால் ஐந்தரை. வருஷக்கணக்காகத் தினமும் நூறு வண்டிக்குப் போடும் கணக்கு. அவள் அனுப்பிய எந்த பஸ்ஸும் போகிற வழியில் வேறொரு நேரத்துக்குள் நுழைந்ததில்லை. வீட்டில் மற்றவர்கள் டிக்கெட்டைப் பார்க்கவே இல்லை, அவள் கணக்கை யார் சரிபார்ப்பார்கள்?

தூரம் எவ்வளவு என்று புருஷன் ஒருநாள் பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. பதிமூணாயிரம் கிலோமீட்டர். ட்ரிப் ஷீட்டில் கிலோமீட்டரும் நேரமும் ஒத்துப்போகாவிட்டால் டிரைவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பவள் அவள். பதிமூணாயிரத்தை ஐந்தரையால் வகுத்தாள். அந்த வேகத்தில் எந்த விமானமும் பறக்காது. மணிக்குத் தொள்ளாயிரம் என்று வைத்து மறுபடியும் வகுத்தாள்.

பதினாலரை மணி நேரம்.

 மத்தியான மாத்திரையும் கிடையாது, ராத்திரி மாத்திரையும் கிடையாது. அதுவும் பயணப் பரபரப்பில் முந்தைய ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லாத உடம்பு.

வெளியே இரண்டு வண்டிகள் கிளம்பக் காத்து ஹாரன் அடித்தன. அவள் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனதை டிப்போவில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

புருஷனுக்குப் போன் போட்டாள். கிடைக்கவில்லை. அவன் லிப்ட் மெக்கானிக். லிப்ட் ஓடும் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் போனில் பிடிக்க முடியாது. விமான கம்பெனியின் நம்பருக்குப் போட்டாள். முதலில் பாட்டுப் போட்டார்கள், பிறகு ஒரு பெண் வந்து பயணிகள் பற்றிய விவரங்களை வெளியே சொல்வதில்லை என்றாள். நான் விவரம் கேட்கவில்லை அம்மா, விவரம் சொல்லத்தான் கூப்பிடுகிறேன் என்று இவள் கெஞ்சினாள். மேலே தெரிவிக்கிறேன் என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

கையில் சிக்கிய பஸ்ஸில் ஏறினாள். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். ஒரே ஒரு போன் போட்டு எந்த வண்டியையும் எந்த ஊர் எல்லையிலும் நிறுத்தக் கூடியவள் அவள். இந்த ஒரு வண்டியை அவளால் நிறுத்த முடியாது. 

புருஷன் அன்று வேலை பார்த்த அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் பழுது பார்க்கப்படுவதாக போர்டு மாட்டியிருந்தார்கள். மொட்டைமாடி வரை படியேறினாள். மோட்டார் அறையில் அவன் கையெல்லாம் கிரீஸாக, ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தான். இவள் வந்து நின்ற தோரணையைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான்.

மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஒரு பழந்துணியால் விரல் விரலாகத் துடைத்தபடி கேட்டான். கேட்டு முடித்தபின்னும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"வேணும்னு செஞ்சியா?" என்றான்.

"என்னங்க பேசறீங்க? கணக்கு தப்பிடுச்சு."

"உன் கணக்கு தப்பி நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. அம்மா வாயைத் திறந்து கேட்டாங்க. நீ குடுக்கல. நான் பக்கத்துலதான் நின்னேன்."

அவளுக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் இருந்தது. ஏன் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட ஒரு நொடி ஆகாது. சொன்னால் அவன் வாயடைத்துப் போவான். ஆனால் தன் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அந்த அம்மாளின் முகம் கண்முன் வந்து நின்றது. முதலில் ஏர்போர்ட்டுக்குப் போவோம், என்னை அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள் என்றாள்.

வாடகைக் காரில் போகும்போது நாத்தனார் கூப்பிட்டாள். அழகு நிலையம் நடத்துகிறவள். வருகிறவர்களின் புருவத்தைப் போலவே பேச்சையும் கூராகச் செதுக்கி வைத்திருப்பவள். அம்மா எந்த இடத்தில் பறந்துகொண்டிருப்பார் என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். புருஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மறைக்க இவளுக்கு மனம் வரவில்லை, நடந்ததைச் சொன்னாள்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஹேர் டிரையரை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"மாத்திரையை அம்மா கேட்டாங்களா அண்ணி?"

"கேட்டாங்க."

"நீங்க குடுக்கல."

"குடுக்கல."

"நான் ஏர்போர்ட்டுக்கு வரேன். உங்ககிட்ட பேச எனக்கு ஒண்ணும் இல்ல. மீதியை யார்கிட்ட பேசணுமோ அங்க பேசிக்கறேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த 'நீங்க'வும் 'அண்ணி'யும்தான் அவளைக் குலை நடுங்க வைத்தன. அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் உலகத்தில் ஒருத்தரும் தன்னை நம்பப் போவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. தான் ஒருமுறை காப்பாற்றிய உயிரைத் தானே வழியனுப்பிவிட்டோமோ என்பதுதான் அது.

ஏர்போர்ட்டில் விமான கம்பெனியின் அறை சின்னதாக இருந்தது. ட்யூட்டி அதிகாரிக்கு நல்ல ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாலும் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். சீட் நம்பர் என்ன, மாத்திரையின் பெயர் என்ன, கடைசியாக எப்போது போட்டுக்கொண்டார். எழுதிக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டினார். செய்தி விமானத்துக்குப் போய்விடும் என்றார்.

மத்தியான மாத்திரைக்கான வேளை எப்போதோ தாண்டியிருந்தது.

அவருடைய திரையில் நீல நிறத்தின் நடுவே ஒரு சின்ன விமானப் படம் இருந்தது. அது நகர்கிறதா என்றே தெரியவில்லை. அவசரம் என்றால் வழியில் எங்காவது இறக்குவார்களா என்று புருஷன் கேட்டான். இறக்குவார்கள், ஆனால் கீழே இன்னும் ரொம்ப நேரத்துக்குக் கடல்தான் என்று அதிகாரி மெதுவாகச் சொன்னார். 

பதில் வந்தது. அதிகாரியின் முகம் தெளிந்தது. விமானத்தில் ஒரு டாக்டர் இருக்கிறாராம். அதே மாத்திரை சாப்பிடுகிற இன்னொரு பயணியும் இருக்கிறாராம். இரண்டு மாத்திரை கொடுக்கச் சம்மதித்துவிட்டாராம். இவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அடுத்த பதில் வந்தபோது அதிகாரி மூக்கைத் துடைக்க மறந்துவிட்டார்.

"வாங்கிக்க மாட்டேங்கறாங்களாம். அவங்க பாஷை தெரிஞ்ச ஒரு பணிப்பெண் பக்கத்துலயே உட்கார்ந்து பேசிக்கிட்டு இருக்காங்க. என் மருமக அஞ்சரை மணி நேரம்னு சொல்லியிருக்கா, அவ நேரம் தப்பவே தப்பாது, இதோ இறங்கப் போறோம், என் பிள்ளை மாத்திரை குடுப்பான், கண்டவங்க மாத்திரை எனக்கு எதுக்குங்கறாங்களாம். பையை மடியில எடுத்து வச்சுக்கிட்டு இறங்கத் தயாரா உட்கார்ந்திருக்காங்களாம்."

புருஷன் இவளைப் பார்த்தான். இவள் யாரையும் பார்க்கவில்லை. ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசாத மனுஷி, தன்னைப் பற்றி நடுவானத்தில் யாரோ ஒரு பெண்ணிடம் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.  அழ நேரமில்லை.

"நான் சொன்னேன்னு போடுங்க சார். என் கணக்கு தப்பு, இன்னும் ஒன்பது மணி நேரம் இருக்கு, அந்த மாத்திரையை வாங்கிப் போட்டுக்கச் சொல்லுங்க."

அனுப்பினார். மூவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். வெளியே ஏதோ விமானத்துக்கு அறிவிப்பு வந்து ஓய்ந்தது.

பதிலை அதிகாரி ஒருமுறை மனதுக்குள் படித்துவிட்டுத்தான் சொன்னார்.

"நம்ப மாட்டேங்கறாங்க. என் மருமக தப்புன்னு ஒத்துக்கிற ஆளே இல்ல, இது நீங்களா சொல்றதுன்னு சொல்லிட்டாங்களாம்." கொஞ்சம் தயங்கினார். "இடது கை தானா ஆட ஆரம்பிச்சிருக்குன்னு டாக்டர் எழுதியிருக்கார். அது வழக்கம்தானா?"

புருஷன் பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். வலிப்பு வருமுன் அவன் அம்மாவுக்கு எப்போதும் முதலில் இடது கைதான் ஆடும்.

அதிகாரி இவள் பக்கம் திரும்பினார். வலுக்கட்டாயமாக வாயில் போட முடியாது அம்மா என்றார்.

"நீங்கதான் பேசறீங்கன்னு அவங்க நம்பணும். உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது இருந்தா சொல்லுங்க. சீக்கிரம்."

இருந்தது. ஒன்றே ஒன்று இருந்தது.

அவள் புருஷனைப் பார்த்தாள். நாற்காலியில் தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தான். வெளியே போங்கள் என்று சொல்ல வாய் எடுத்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பான், அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அங்கே என்ன ஆகுமோ. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதுங்க சார். அத்தை, அன்னிக்கு மத்தியானம் நீங்க மறந்து போட்டுக்கல, வேணும்னுதான் போட்டுக்கிட்டீங்கன்னு நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. அந்தப் பயத்துலதான் காலையில உங்க கையில மாத்திரையைக் குடுக்கல. இப்ப ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அதிகாரியின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு தட்டத் தொடங்கின.

புருஷன் தலையை நிமிர்த்தினான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சத்தியத்தை மீறிவிட்டோம், மீறியும் பலன் இருக்குமோ இருக்காதோ என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அவன் எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான். கிரீஸ் வாடை அடித்தது. கூடத்தில் நின்று தங்கையோடு தான் போட்ட கூச்சல் அவன் காதில் இப்போது கேட்டிருக்க வேண்டும், அவன் உதடுகள் கோணிக்கொண்டிருந்தன.

திரையில் பதில் வந்தது. அதிகாரி படித்தார்.

"மாத்திரையைக் கையில வாங்கிட்டாங்க. இன்னும் போட்டுக்கல. ஒரு கேள்வி கேக்கறாங்க." அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "அவ இதைச் சொல்றப்போ அவ பக்கத்துல யார் இருக்காங்கன்னு கேட்டுச் சொல்லுங்கன்னு கேக்கறாங்க. அதைத் தெரிஞ்சுக்காம போட்டுக்க மாட்டாங்களாம். என்ன போடட்டும்?"

  இருக்கிறான் என்று சொன்னால் அந்த அம்மாள் அங்கேயே உடைந்துபோவார். இல்லை என்று சொல்ல, பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறான் அவர் பெற்ற பிள்ளை.

"யாருமே இல்லைன்னு போடுங்க சார்," என்றான் அவன்.

அதிகாரி அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அவ தனியாத்தான் வந்திருக்கா. நான் வேலையில இருக்கேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. இன்னிக்கு மட்டுமில்ல, என்னிக்கும் தெரியாது. அப்படியே போடுங்க."

சொல்லிவிட்டு, அழுக்குக் கை என்றுகூடப் பார்க்காமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டான். 

செய்தி போனது. நீலத்தின் நடுவே அந்தச் சின்னப் படம் அப்படியே இருந்தது. பதில் வரும் இடம் காலியாகவே இருந்தது. இருவரும் கண் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எது என்னிக்கும் தெரியாது?"

குரல் வந்த பக்கம் இருவரும் திரும்பினார்கள். பாதி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள்.